நாற்பத்தொன்றாம் எண் கொட்டகை

லோகப்பிரியாவுக்கு வேலை கிடைத்த புதிதில், மதுக்கரையில் அவர்கள் குடியிருந்த லைன் வீட்டு வாசலில் அந்தக் கேலி தொடங்கியது. "ஏப்பா திருமூர்த்தி, உம்புள்ள காத்த அளக்கறாளாமா? படிக் கணக்கா, லிட்டர் கணக்கா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். முப்பது வருடம் சிமெண்ட் மூட்டை சுமந்து ஒரு பக்கமாய்ச் சாய்ந்துபோன தோளோடு நின்ற அவளுடைய அப்பா, "நமக்கென்னங்க தெரியும். படிச்ச புள்ள, அளந்துட்டுப் போகுது" என்று சிரித்து மழுப்பினார்.

உண்மையில் காற்றை அளப்பது அவள் வேலையல்ல. அதற்கென்று தாராபுரத்துக்கு அந்தப் பக்கம் மொட்டக்காட்டுப்புதூரில் உயரமான இரும்புக் கம்பம் ஒன்றை நட்டிருந்தார்கள். யாரும் சொல்லாமலே அது அளந்துகொண்டிருந்தது. மற்றதையெல்லாம் அளப்பதுதான் அவள் வேலை. ஒரு மணி நேரத்தில் எத்தனை பருந்து பறக்கிறது, எந்த உயரத்தில் பறக்கிறது. எத்தனை கிணறு, எத்தனை கட்டிடம், கட்டிடத்துக்குள் யார். காற்றாலை வருவதில் யாருக்கு என்ன வருத்தம். இதையெல்லாம் எழுதி ஒரு புத்தகமாக்க வேண்டும். காற்றாலைக்குச் சட்டம் இப்படி ஒரு புத்தகத்தைக் கேட்பதில்லை. கடன் கொடுப்பவர்கள் கேட்டார்கள். எங்கள் பணத்தில் சுற்றுகிற இறக்கை யாருடைய தூக்கத்தையும் கெடுக்கக் கூடாது என்பது அவர்களுடைய நிபந்தனை. குடியிருப்பு எதுவும் ஐநூறு மீட்டருக்குள் இருக்கக் கூடாது என்பது அதில் ஒரு விதி.

பீளமேட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சிறிய ஆலோசனை நிறுவனம் அந்தப் புத்தகத்தை எழுத எடுத்திருந்தது. லோகப்பிரியா அங்கே ஒப்பந்த ஊழியர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். எம்.எஸ்ஸி. முடித்த வருடம், தான் ஏதோ உலகத்தைக் காப்பாற்றப் போவதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது இருபத்தாறு வயது. விடிகாலையில் சிங்காநல்லூரில் பஸ் ஏறி, பல்லடம் தாண்டும்வரை ஜன்னல் கம்பியில் தலைசாய்த்துத் தூங்கி, தாராபுரத்தில் இறங்கி டவுன் பஸ் மாறும்போது, இன்றைக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்தோமா என்பதுதான் முதல் நினைப்பாக வரும்.

மொட்டக்காட்டுப்புதூர்க்காரர்களுக்குக் காற்றாலை என்றால் காத்தாடி; அது அங்கே புதிதல்ல. இருபது வருடத்துக்கு முன்னால் வெளியூர்க் கம்பெனிகள் வந்து, காடு என்று அவர்கள் சொல்லும் மானாவாரி நிலத்தைச் சொன்ன விலைக்கு வாங்கிப்போய் வரிசையாக நட்டார்கள். காட்டை விற்றவர்களின் பிள்ளைகள் அதே காத்தாடிகளின் அடியில் வாட்ச்மேன் ஆனார்கள். இந்த முறை அப்படி ஆகக் கூடாது என்று நாற்பத்திரண்டு விவசாயிகள் சேர்ந்து சங்கம் வைத்தார்கள். மூன்று காத்தாடி. சொந்த நிலம், சொந்தப் பங்கு. சங்கத்துக்குத் தலைவர் திருமலைசாமி, தென்னந்தோப்பும் சின்ன நூல் மில்லும் வைத்திருப்பவர். "நம்ம காத்துக்கு நாமதானுங்க மொதலாளி" என்று முதல் கூட்டத்தில் சொல்லிக் கைதட்டு வாங்கியவர், நான்கு வருடம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய பிறகு அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார். மூட்டுவலிக்குப் பெல்ட் கட்டியிருந்தார்.

தப்பு நடந்தது போன ஆடியில்.

ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி வந்து, காத்தாடி வைக்கப் பார்த்திருந்த மேட்டில் மோதும்போது, பேசுகிற வார்த்தை எதிரில் நிற்பவருக்குப் போய்ச் சேராது. லோகப்பிரியா துப்பட்டாவைத் தலையோடு இறுக்கிக் கட்டி, டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்தபடி காடு காடாக ஏறினாள். ஒவ்வொரு கட்டிடத்துக்கும் ஒரு எண், ஒரு படம், ஒரு வகை. வகைக்கு ஐந்து விடைதான் இருந்தது: வசிப்பிடம், கால்நடைக் கொட்டகை, மோட்டார் அறை, கோயில், மற்றவை. நாற்பத்தொன்றாவது கட்டிடத்துக்கு வரும்போது மணி மூன்று. மேட்டுக்காட்டின் மூலையில், கிளுவை வேலிக்குள், ஓடு போட்ட ஒரு நீளமான தாழ்வாரம். வேலியில் வழி விட்டிருந்த கடவோரம் ஒரு பெண் சோளத்தட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெயர் மாரியாத்தாள்.

"ஏனுங்க்கா, இது ஊடுங்களா?" என்று லோகப்பிரியா கத்திக் கேட்டாள்.

மாரியாத்தாள் சிரித்தாள். "ஊடா? ஊடு ஊருக்குள்ள இருக்குதுங்க. இது சாளைங்க, அம்மணி."

லோகப்பிரியாவுக்குத் தெரிந்த சாளை, மாடு கட்டுகிற சாளை. அம்மாவின் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். கால்நடைக் கொட்டகை என்பதைத் தொட்டாள். வசிப்போர் எத்தனை என்று டேப்லெட் கேட்டது. பூஜ்யம். அடுத்த கட்டிடத்துக்கு நடந்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்தத் தாழ்வாரத்திலிருந்து இருநூற்றுப் பத்து மீட்டரில் மூன்றாவது காத்தாடிக்குப் புள்ளி வைத்தார்கள். மூன்றிலும் அதிகக் காற்று வாங்குகிற இடம் அதுதான். கொட்டகைக்கு எந்த விதியும் இல்லை.

ஐப்பசியில் பறவைக் கணக்குக்காக மறுபடியும் போனாள். காலை ஏழு மணிக்கு வானம்பாடிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. அந்த மேட்டில் ஒதுங்க ஒரே இடம்தான். ஓடிப்போய்த் தாழ்வாரத்தில் நின்றவளை, "நனையாதீங்க, உள்ள வாங்க" என்று மாரியாத்தாள் இழுத்துக்கொண்டாள்.

உள்ளே ஃபிரிட்ஜ் இருந்தது. பீரோ இருந்தது. அதன் கண்ணாடியில் ஒட்டுப்பொட்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. சுவரில் வங்கிக் காலண்டர். மேசையில் நர்சிங் புத்தகங்கள், மேலே காதுக்கு மாட்டும் ஹெட்போன். கட்டிலில் ஒரு பெண் போர்வைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி, "அம்மா, யாரு?" என்றாள்.

"காத்தாடிக்கார அம்மணி. எந்திரி, காலேஜ் பஸ் போயிரும்."

மகள் வர்ஷினி. அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கட்கிழமை விடியப் போவார். பதினொரு வருடமாக இதே இடம். காப்பி ஆற்றிக் கொடுத்துக்கொண்டே மாரியாத்தாள் சொன்னதெல்லாம் சாதாரணமாகத்தான் வந்தது. பாகம் பிரித்தபோது ஊருக்குள்ளிருந்த வீடு கொழுந்தனாருக்குப் போனது. இவர்களுக்குக் காடும் சாளையும். காட்டுக்குள் குடியிருக்கிற வீட்டுக்கும் இங்கே சாளை என்றுதான் பெயர். "ஊட்டுல ஒரு ரூம்பு தாரேன்னு சொல்லியிருக்காருங்க. தந்தா அங்க போயிருவோம். அதுவரைக்கும் இப்பிடியே சாளைல கெடக்கறோம்." ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் ஊர் வீட்டு முகவரியில். கரண்டு, கிணற்று மோட்டாரிலிருந்து இழுத்தது.

லோகப்பிரியாவின் கையில் காப்பி ஆறியது. ஓட்டில் மழை கொட்டியது. பூஜ்யம் என்று எழுதிய இடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருத்தி தலை வாரிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே அலுவலகத்தில் தன்னை மேய்க்கிற சுரேந்தருக்குப் போன் செய்தாள். சுரேந்தர் கெட்டவர் இல்லை. நான்கு திட்டங்களை ஒருத்தராகப் பார்த்துக்கொண்டு, எந்த நேரத்தில் பேசினாலும் எதையோ மென்றுகொண்டே பேசுகிறவர்.

"வரைவு அறிக்கை போயிருச்சே, லோகா" என்றார். "அவங்களே சாளைன்னுதானே சொன்னாங்க?"

"ஆமாங்க சார். நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்."

"அங்க குடியிருக்காங்கன்னு காட்ட ஏதாவது பேப்பர் இருக்கா? வீட்டு வரி? கரண்ட் பில்?"

"இல்லீங்க."

"அப்ப நம்மளா எப்படி மாத்தறது? அவங்க கையெழுத்துப் போட்டு ஒரு கடுதாசி தரட்டும். மாத்திடறேன். மாத்துனா மூணாவது காத்தாடி அந்த இடத்துல வராது. அதையும் தெரிஞ்சுக்க."

திருமலைசாமியைப் போய்ப் பார்த்தாள். மில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மாரியாத்தா சாளைலதான் இருக்குது. ஊருக்கே தெரியுமுங்களே" என்றார். "அதுல எழுதறதுக்கு என்ன இருக்குதுங்க?"

"அறிக்கையில அது மாட்டுக் கொட்டகைன்னு இருக்குதுங்கய்யா."

தைலம் தேய்த்த கை நின்றது. அறிக்கை அவரிடமும் வந்திருந்தது. இருநூறு பக்கம், ஆங்கிலத்தில். தலைவர் என்று தன் பெயர் போட்டிருந்த பக்கத்தை மட்டும் அவர் பார்த்திருந்தார்.

"ஊடுன்னு எழுதுனா?"

"மூணாவது காத்தாடியைத் தள்ளி வெக்கணும். புது இடத்துக்கு ஒரு பருவம் முழுக்க மறுபடி ஆய்வு செய்யணுமுங்க."

"இன்னொரு ஆடிங்களா?" அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் சங்கத்து நாற்பத்திரண்டு பேரும் வரிசையாக வந்து நின்றது அவள் கண்ணுக்கே தெரிந்தது. "அம்மணி, நான் மாரியாத்தாளக் கெடுக்கோணும்னு நெனைக்கலீங்க. அதுக்கும் சங்கத்துல பங்கு இருக்குது. அதையே கேட்டுப்போட்டு, அது என்ன சொல்லுதோ எழுதுங்க. நான் ஒண்ணும் சொல்லலீங்க."

பொதுவாகப் பார்த்தால் நல்ல பதில்தான். ஆனால் கொங்கு நாட்டில் ஒருவரிடம் நேருக்கு நேர் கேட்டு 'இல்லை' என்ற பதிலை வாங்கிவிட முடியாது என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். 'செரிங்க' என்பார்கள். 'ஆகட்டுங்க' என்பார்கள். 'பாக்கலாமுங்க' என்று சொன்னால் அது கிட்டத்தட்ட சண்டை. காற்றாலைக்குச் சம்மதமா என்ற கேள்விக்கு அவள் வாங்கி வைத்திருந்த அறுபத்துமூன்று 'செரிங்க'வில் எத்தனை உண்மையான சரி என்று அவளுக்கே இப்போது சந்தேகம் வந்தது.

அவள் நினைத்தது போலத்தான் ஆயிற்று. கடுதாசியை எழுதி எடுத்துக்கொண்டுபோய் நீட்டியபோது, மாரியாத்தாள் படித்தாள், மடித்தாள், திருப்பிக் கொடுத்தாள்.

"இருக்கட்டுங்க, அம்மணி."

"அக்கா, காத்தாடி வந்தா சத்தம் ராப்பகலா இருக்கும். வெயில் சாயறப்ப இறக்கையோட நிழல் இந்தத் தாவாரத்துல வெட்டி வெட்டிப் போகும். வர்ஷினி எப்படிப் படிக்கும்?"

"கொஞ்ச நாளைக்குத்தானுங்களே. ஊட்டுக்குப் போயிருவோம்."

"பதினோரு வருசமாச்சுங்க்கா."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டது. மாரியாத்தாள் முகம் மாறவில்லை. துடைப்பத்தை எடுத்து, பெருக்கிய வாசலையே மறுபடி பெருக்கினாள்.

"பொண்ணுக்கு வரன் பாக்கறோமுங்க" என்றாள் குனிந்தபடியே. "மாப்பள ஊட்டு ஒறம்பரை வந்தா ஊர் ஊட்டுலதான் உக்கார வெப்போம். கொழுந்தனாரு சம்சாரம் நாள் முழுக்க மூஞ்சியத் தூக்கிட்டிருக்கும், இருந்தாலும் அங்கதான். மேட்டுக்காட்டுச் சாளைலதான் எங்களுக்குக் குடித்தனமே, வேற ஊடில்லைன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, அது நாலு பேரு கைக்குப் போகும். எங்களுக்கு ஊடில்லைன்னு நானே எழுதித் தரோணுமுங்களா?"

லோகப்பிரியா கடுதாசியைப் பைக்குள் வைத்தாள். உங்க பேரை எங்கேயும் எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

திரும்பும்போது பல்லடம்வரை உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடி, கல்லூரியில் சேர்ந்த வருடத்தை நினைத்தாள். முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தால் கட்டணம் குறையும் என்றார்கள். அதற்கு, எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் படித்ததில்லை என்று அப்பா எழுதித் தரவேண்டும். தாலுகா அலுவலகத்தில் பேனாவைப் பிடித்துக்கொண்டு அவர் வெகுநேரம் நின்றார். "உங்க அத்த ப்ளஸ் டூ வரைக்கும் படிச்சா" என்றார், அங்கிருந்த யாரும் அதைக் கேட்கவில்லை. பிறகு கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளினால்தான் அவள் படித்தாள். ஆனால் அதைப் பற்றி அப்பா ஒருநாளும் பேசியதில்லை. கல்லூரித் தோழிகள் வீட்டுக்கு வருகிறோம் என்று சொன்னபோதெல்லாம் அவள், "வீட்ல ஒண்ணுமில்லப்பா, சும்மா லைன் வீடு" என்று சொல்லித் தவிர்த்திருக்கிறாள். வீடா என்று கேட்டதற்கு வீடெல்லாம் இல்லை என்று ஒரு பெண் சொன்னால், அதற்கு என்ன அர்த்தம் என்று வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆடியில் ஏன் தெரியவில்லை? வெயிலா, களைப்பா? இல்லை, கையில் டேப்லெட் வந்ததும், கேள்வி கேட்கிற பக்கம் வந்து நின்றுவிட்டோம் என்ற நினைப்பா?

தை மாதம் கருத்துக்கேட்புக் கூட்டம். ரேஷன் கடைக்கு எதிரே சமுதாயக் கூடத்தில் நூறு நாற்காலி போட்டிருந்தார்கள். டீயும் தேங்காய் பன்னும் முதலிலேயே கொடுத்துவிட்டதால் எல்லாரும் நல்ல மனநிலையில் இருந்தார்கள். சுரேந்தர் காரில் வந்து இறங்கி, சுவரில் வெள்ளைத்துணி கட்டி, புரொஜெக்டரைப் பொருத்தி, முதல் படத்தைக் காட்டினார். கரண்டு போனது.

"பாத்தீங்களா, நம்ம காத்தாடி வந்தா இந்த ரோதனை இல்லீங்க" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, கூடமே சிரித்தது.

பத்து நிமிடம் பார்த்தார்கள். வரவில்லை. சுரேந்தர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "லோகா, தமிழ்ச் சுருக்கம் ஒரு பக்கம் இருக்கில்ல? அதைப் படிச்சிரு. முடிச்சிடலாம்" என்றார்.

அவள் கையில் இரண்டும் இருந்தன. மேலே சுருக்கம்: மொத்தக் கட்டிடங்கள் ஐம்பத்தெட்டு, பாதிக்கப்படும் குடியிருப்புகள் இல்லை. கீழே முழு அட்டவணை. மூன்றாவது வரிசையில் மாரியாத்தாள், பட்டுப்போல் மின்னிய பச்சைச் சேலையில், வர்ஷினியோடு உட்கார்ந்திருந்தாள்.

பெயர் எழுதமாட்டேன் என்று கொடுத்த வாக்கை லோகப்பிரியா நினைத்துப் பார்த்தாள். அட்டவணையில் பெயர் இல்லை, எண்தான் இருந்தது. அது சரியான சமாதானமா, தனக்குச் சாதகமான சமாதானமா என்று பிரித்துப்பார்க்கத் தெம்பில்லை. சுருக்கத்தை எடுத்து அடியில் வைத்தாள்.

"ஒண்ணாம் நம்பர் கட்டிடம். பள்ளத்தோட்டம். மோட்டார் அறை. வசிப்போர் யாருமில்லை. ரெண்டாம் நம்பர்..."

சுரேந்தர் ஏறிட்டுப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. பதினைந்தாவதற்கு வரும்போது பலர் போனை எடுத்துவிட்டார்கள். முப்பதாவதில் ஒருவர் கொட்டாவி விட்டார். "நாப்பது, கருப்பராயன் கோயில். வசிப்போர் யாருமில்லை."

"ஏன், கருப்பராயன் இல்லீங்களா?" என்றது பின்வரிசை.

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். "நாப்பத்தொண்ணு. மேட்டுக்காடு, தென்மேக்கு மூலை. ஓட்டுக் கூரை. கால்நடைக் கொட்டகை. வசிப்போர் யாருமில்லை."

பிறகு அதே பின்வரிசைக் குரல், "மேட்டுக்காடா? அப்ப நம்ம மாரியாத்தா எந்தத் தொட்டில தண்ணி குடிக்குது?" என்றது.

கூடம் வெடித்துச் சிரித்தது. மாரியாத்தாளும் சிரித்தாள். எல்லாரும் சிரிக்கும்போது தானும் சிரித்துவிடுவதுதான் மரியாதை. வர்ஷினி மட்டும் சிரிக்கவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு மடியிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தாள்.

லோகப்பிரியா நாற்பத்திரண்டுக்குப் போகவில்லை. தாளைப் பிடித்தபடி நின்றாள். சுரேந்தர் மெதுவாக, "அடுத்தது" என்றார்.

"ஒரு நிமிசமுங்க." மாரியாத்தாள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "அதுல மாடு இல்லீங்க."

"என்னங்க?" என்றார் சுரேந்தர்.

"மாட்டுக் கொட்டாயின்னு எழுதியிருக்குதுங்களே. அதுல ஒரு மாடுகூட இல்லீங்க. வித்து ஆறு வருசமாச்சு. தப்பா எழுதக் கூடாதுங்களே, அதுக்குச் சொன்னேன்."

திருமலைசாமி முன்வரிசையில் கையை முழங்கால்மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். திரும்பாமலே கேட்டார்: "மாடில்லீன்னா அதுல யாரு இருக்கறா, மாரியாத்தா?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்களேங்ணா. பொங்கலுக்கு வந்து எங்கூட்டு வாசல்ல காப்பி குடிச்சுப்போட்டுத்தானுங்க போனீங்க."

எங்கூடு என்ற வார்த்தை வந்துவிட்டது. வந்தது அவளுக்கே தெரிந்ததா என்று தெரியவில்லை. கூடத்தில் யாரும் இப்போது சிரிக்கவில்லை. வெளியே ரேஷன் கடை ஷட்டரை யாரோ இறக்கும் சத்தம் கேட்டது.

திருமலைசாமி வெகுநேரம் தரையைப் பார்த்தார். நான்கு வருடமும் அந்தச் சிமெண்டுத் தரையில் கிடந்ததுபோல் பார்த்தார். "குடிச்சனுங்க" என்றார் கடைசியில். "காப்பி குடிச்சேன். எழுதிக்குங்க, அம்மணி." சுரேந்தர் பக்கம் திரும்பி, "எந்த எடத்துக்குத் தள்ளி வெக்கறதுன்னு பாருங்க. இன்னொரு ஆடி. என்ற காலு தாங்குமான்னுதான் தெரியல" என்றார்.

யாரும் கைதட்டவில்லை. வெளியேறும்போது சிலர் மாரியாத்தாளைக் கடந்து பேசாமல் போனார்கள். ஒருவர் மட்டும் நின்று, "மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?" என்று கேட்டார். "கேட்டாத்தானுங்களே சொல்றதுக்கு" என்றாள் அவள்.

காருக்குப் பக்கத்தில் சுரேந்தர் லோகப்பிரியாவிடம் கோபப்படவில்லை. அதற்கும் அவருக்குச் சக்தி இல்லை. "சுருக்கத்தைப் படிச்சிருக்கலாம்" என்றார்.

"தெரியுமுங்க சார்."

"திருத்தம்னு தனியா ஒரு பக்கம் சேக்கணும். முதல்ல தப்பாப் பதிஞ்சது யாருன்னு அதுல கேப்பாங்க."

"என் பேர் போடுங்க."

"உன் பேர்தான் போடணும். மார்ச்ல உன்னோட ஒப்பந்தம் வருது. மேல இருக்கறவங்க அதையும் படிப்பாங்க. நான் சொல்லிப் பாக்கறேன்." காரில் ஏறி, கண்ணாடியை இறக்கினார். "இன்னைக்கே போயி அந்தப் பதிவை மாத்திட்டு வந்துரு. படம் புதுசா எடு. ஃபிரிட்ஜ், பாத்திரம் எல்லாம் தெரியற மாதிரி."

அவள் மேட்டுக்காட்டுக்கு நடந்துபோய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. கடவைத் தாண்டி உள்ளே வரச் சொல்லி மாரியாத்தாள் கூப்பிடவில்லை. பச்சைச் சேலையை மாற்றி, பழைய சேலையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஊரு முன்னால வெச்சுப் படிச்சுப்போட்டீங்க" என்றாள்.

"ஆமாங்க்கா."

"பேரு எழுதமாட்டேன்னீங்க."

"எழுதலீங்க்கா. நம்பர்தான் படிச்சேன்." சொல்லும்போதே அது எவ்வளவு மெலிதான பதில் என்று தெரிந்தது. "தப்பு என் மேலதானுங்க. ஆடில வந்தப்ப உள்ள வந்து பாத்திருக்கணும்."

மாரியாத்தாள் இன்னும் நான்கு விறகு அடுக்கினாள். பிறகு கையைத் தட்டிக்கொண்டு, "என்னமோ எழுதோணுமுன்னீங்களே, எழுதுங்க. வெளிச்சம் போயிரும்" என்றாள்.

படம் எடுத்தாள். வகை என்ற இடத்தில் வசிப்பிடம் என்பதைத் தொட்டாள். கீழே குறிப்பு எழுதும் கட்டத்தில், 'உள்ளூர் வழக்கில் சாளை' என்று தமிழிலேயே எழுதினாள். வசிப்போர் எத்தனை என்று டேப்லெட் கேட்டது.

"மூணு பேருங்களா?"

"ரெண்டு."

லோகப்பிரியா நிமிர்ந்தாள். தாழ்வாரத்துக் கொடியில் வர்ஷினி கல்லூரிச் சீருடையை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஈரத் துளி இவர்கள் நின்ற இடம்வரை தெறித்தது.

"நானும் எங்கூட்டுக்காரரும். பொண்ணு ஆஸ்டல்ல இருக்குதுன்னு போடுங்க" என்றாள் மாரியாத்தாள். "எங்களுக்கு ஊடு இதுன்னு எழுதிட்டீங்க, போகட்டும். அவளுக்கு வேண்டாமுங்க. அவ போற ஊடு வேற."

விதிக்கு ஒருவர் இருந்தால் போதும். இரண்டும் மூன்றும் ஒன்றுதான். ஆனால் கூடத்தில் இத்தனை பேரை உட்காரவைத்துத் திருத்திய கணக்கில், மறுபடியும் ஒரு தப்பு. லோகப்பிரியாவின் விரல் திரையின்மேல் நின்றது. இந்த முறை அவளுக்கு என்ன சொல்கிறார்கள் என்று நன்றாகவே புரிந்தது.

இரண்டு என்று போட்டாள்.

"போட்டுட்டீங்களா?"

"போட்டுட்டேனுங்க்கா."

"செரிங்க" என்றாள் மாரியாத்தாள். அது எந்தச் செரி என்று கேட்டுத் தெரிந்துகொள்ள லோகப்பிரியாவுக்குத் தைரியம் வரவில்லை. மாரியாத்தாள் மேற்கே ஒருமுறை பார்த்தாள். "அஞ்சரை பஸ்ஸப் புடிக்கோணுமுன்னா இப்பவே நடங்க. அதை உட்டா ஏழு மணிக்குத்தான்."